ஐக்கிய அமெரிக்க மாநிலங்களின் மக்கள்தொகை, வருமான வேறுபாடுகள்

ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களும் அரசியலமைப்பின்படி சம தகுதி உடையவை. எனினும் மக்கள்தொகையிலும் வருமானத்திலும் அவற்றிடையே பெரும் வேறுபாடுகள் உள்ளன. மக்கள் மிகுந்த மாநிலம் செல்வம் மிகுந்ததாகவும் இருக்கும் என்று கொள்ள இயலாது. இவ்வேறுபாடுகள் அந்நாட்டின் தேர்தல் முறையிலும் நிதிப் பகிர்விலும் பெரும் தாக்கத்தை ஏற்படுத்துகின்றன.

மக்கள்தொகை

2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை சுமார் 33.14 கோடி ஆகும். இதில் மூன்றில் ஒரு பங்கினர் கலிபோர்னியா, டெக்சாஸ், புளோரிடா, நியூயார்க் ஆகிய நான்கு மாநிலங்களில் வாழ்ந்தனர். முதலிடத்தில் உள்ள கலிபோர்னியாவின் மக்கள்தொகை 3,95,38,223. கடைசி இடத்தில் உள்ள வயோமிங்கின் மக்கள்தொகை 5,76,851 மட்டுமே. 2010க்கும் 2020க்கும் இடையில் மேற்கு வர்ஜீனியா, மிசிசிப்பி, இல்லினாய் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் மக்கள்தொகை குறைந்தது.

வருமானம்

2022 இல் இடைநிலைக் குடும்ப ஆண்டு வருமானம் மிசிசிப்பியில் சுமார் 52,700 டாலராகவும், நியூ ஜெர்சியில் சுமார் 96,300 டாலராகவும் இருந்தது. வயோமிங், அலாஸ்கா, வடக்கு டகோட்டா ஆகியவை சிறிய மக்கள்தொகை கொண்டவை. ஆயினும் எண்ணெய், எரிவளி, நிலக்கரி முதலிய கனிம வளங்களால் இவற்றின் தனிநபர் உற்பத்தி உயர்வாக உள்ளது. மாறாக, வாழ்க்கைச் செலவையும் கணக்கில் கொள்ளும் துணை வறுமை அளவீட்டின்படி, செல்வம் மிக்க கலிபோர்னியா வறுமை மிகுந்த மாநிலங்களுள் ஒன்றாகும். அங்குள்ள உயர்ந்த வீட்டு வாடகை இதற்கு முக்கிய காரணமாகும்.

வரலாற்றுக் காரணங்கள்

தென் மாநிலங்களின் வறுமைக்கு அடிமை முறை, அதன்பின் வந்த குத்தகை வேளாண்மை, இன ஒதுக்கல், கல்வியில் குறைந்த முதலீடு ஆகியவை அடிப்படைகளாக அமைந்தன. 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் குடிபெயர்ந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலைகள், நெடுஞ்சாலைகள், குளிர்சாதன வசதி ஆகியவை தெற்கில் பரவின. இதனால் வருமான இடைவெளி சுருங்கியது. 1980களுக்குப் பின் இச்சுருக்கம் பெரிதும் தளர்ந்தது. செல்வ மாநிலங்களில் வீட்டு விலை உயர்ந்ததால் குறைந்த ஊதியம் பெறுவோர் அங்கு குடிபெயர்வது கடினமானது.

அரசியல், நிதி விளைவுகள்

1787 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பிரதிநிதிகள் அவையில் மக்கள்தொகைக்கு ஏற்பவும், செனட் அவையில் மாநிலத்திற்கு இருவர் எனவும் உறுப்பினர் இடம்பெறுகின்றனர். 1790 கணக்கெடுப்பில் மிகப் பெரிய மாநிலமான வர்ஜீனியாவின் மக்கள்தொகை, மிகச் சிறிய டெலவெயரினதைப் போல் ஏறத்தாழ 12 மடங்காக இருந்தது. 2020 இல் கலிபோர்னியாவின் மக்கள்தொகை வயோமிங்கினதைப் போல் 68 மடங்காக இருந்தும் செனட்டில் இரண்டிற்கும் சம இடங்களே உள்ளன. ஒரு மாநிலத்தின் இச்சம உரிமையை அதன் இசைவின்றிப் பறிக்க இயலாது என அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு கூறுகிறது.

வருமான வேறுபாட்டை நடுவண் அரசின் நிதி ஓரளவு ஈடு செய்கிறது. வறியோருக்கான மெடிக்கெய்டு மருத்துவத் திட்டச் செலவில் செல்வ மாநிலங்களுக்குப் பொதுவாகப் பாதியும், மிசிசிப்பிக்கு நான்கில் மூன்று பங்குக்கு மேலும் நடுவண் அரசால் வழங்கப்படுகின்றன.