குற்றம்: செயலிலிருந்து பிறப்புக்கு

எம்.ஏ. தமிழ் படித்தபோது 'குற்றம்' என்ற சொல்லை நான் முதலில் எதிர்கொண்டது நன்னூல் வகுப்பில். நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் பத்து. இறையனார் பாட்டில் நக்கீரர் கண்டதும் பொருட்குற்றம்தான். குறளில் 'குற்றங்கடிதல்' பொருட்பாலில் இருக்கிறது. அங்கே குற்றம் களைய வேண்டியவன் அரசன். ஆக, நான் படித்த தமிழில் குற்றம் பாட்டுக்கு உண்டு, அரசனுக்கும் உண்டு. அது குடிகளில் ஒரு பகுதியினரின் உடம்போடு ஒட்டிக்கொண்டது எப்போது?

இந்தக் கேள்வி எனக்கு வகுப்பில் எழவில்லை, கோர்ட்டு வராந்தாவில் எழுந்தது. சுவரொட்டி ஒட்டியதற்காகக் கைதான நண்பருக்காகப் போயிருந்தேன். குற்றப்பத்திரிகையில் அவர் 'ஒண்ணாவது எதிரி'. ஜாமீன், ரிமாண்டு, மகஜர், வக்கீல் என்று அரபியும் பாரசீகமும் ஆங்கிலமும் புழங்குகிற இடத்தில் இந்தச் சொல் மட்டும் நல்ல தமிழில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மகனுக்காக வந்திருந்த ஒரு அம்மா கேட்டார்: "எம் மவன் யாருக்குய்யா எதிரி?" எனக்குப் பதில் தெரியவில்லை.

குற்றவியல் வழக்கில் புகார் யார் கொடுத்தாலும், பொதுவாக வழக்கை நடத்துவது அரசு. அப்படியானால் தீர்ப்புக்கு முன்பே ஒருவர் அரசுக்கு எதிரியாகிவிடுகிறார். நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற கோட்பாடு சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்க, சொல் தன் தீர்ப்பை முதலிலேயே எழுதிவிடுகிறது.

நவீன குற்றவியலின் அடித்தளம் எளிமையானது. குற்றத்துக்கு இரண்டு கூறுகள் வேண்டும்: ஒரு செயல், அதன் பின்னால் ஒரு குற்ற மனம். 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், இலத்தீன் கலைச்சொற்களைத் தவிர்த்து, 'நேர்மையின்றி', 'கருத்துடன்', 'தெரிந்தே' என்று பிரிவுக்குப் பிரிவு அந்த மனதை வரையறுத்தது. இன்னொருவர் குடையைத் தன்னுடையது என்று உண்மையாகவே நம்பி எடுத்துப் போனால் அது திருட்டு அல்ல; செயல் இருக்கிறது, மனம் இல்லை. "தெரிஞ்சு செஞ்சதா, தெரியாம செஞ்சதா?" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்பதும் இதைத்தான். ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்த எதுவும் குற்றமில்லை என்றது 82ஆம் பிரிவு. குற்ற மனம் கொள்ளும் பக்குவம் குழந்தைக்கு இல்லை என்பது அதன் தர்க்கம்.

இவ்வளவு நுணுக்கமாக மனதை அளந்த அதே அரசு, பதினொரு ஆண்டுகள் கழித்து, 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை இயற்றியது. நெசவாளி பிள்ளை நெசவாளி, தச்சன் பிள்ளை தச்சன் என்றால் திருடன் பிள்ளை திருடன்தானே என்பது அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம். சாதி பற்றிய நம் நம்பிக்கை காலனியச் சட்டத்துக்குச் சான்றாகிவிட்டது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தால் அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்றும் எழுதிவைத்தார்கள். செயல் வேண்டாம், மனம் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். பிறந்தால் போதும். 1897இல் வந்த திருத்தம், நான்கு வயது முதலான பையன்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க வழிசெய்தது. ஏழு வயதுவரை குற்றமே செய்ய இயலாத குழந்தை, இந்தச் சட்டத்தின் கண்ணில் நான்கு வயதிலேயே திருத்தப்பட வேண்டியவனாகிறான். இரண்டு சட்டங்களும் ஒரே காலத்தில், ஒரே அரசின் கையில் இருந்தன.

1911 சட்டத்தின் வழியாக இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவு, ஊர்விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு, இரவில் காவலர் பார்வையில் படுக்கை. மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுக்க 1952லும் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் 1948லேயே இங்கே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. பரம்பரை போய் 'வழக்கம்' வந்தது. சட்டம் செயலைத் தண்டிக்கிறது, சிறையோ ஒரு குற்றமனிதனை உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். நம் ஊரில் சிறைக்கு வெளியே, பதிவேட்டிலேயே அந்த உற்பத்தி நடந்து முடிந்திருக்கிறது. பதிவேட்டில் கே.டி. என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். 'அறியப்பட்ட கொள்ளையர்' என்பதன் சுருக்கம். கேடு என்ற சொல்லின் சாயலோடு 'கேடி' ஆகி இன்று குழந்தைகளைக் கொஞ்சவும் பயன்படுகிறது. கொஞ்சும்போது அதன் அடியில் ஒரு காவல் நிலைய ஏடு கிடப்பது யாருக்கும் நினைவில்லை.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. குற்ற நடைமுறைச் சட்டமும் அன்றே மாறியது. வழக்கமாகக் குற்றம் செய்பவர் எனப்படுகிறவரிடம் நன்னடத்தைப் பிணை கேட்கும் அதன் 110ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 129ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா வழக்கில், சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது; சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகப் பார்க்கும் பார்வையையும் கண்டித்தது. சட்டம் நீக்கப்பட்டு 72 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொல் விதிப் புத்தகங்களில் உயிரோடு இருந்திருக்கிறது.

இதில் எழுதுகிறவர்களான நமக்கும் பங்கு உண்டு. கைதானவரை அன்றைக்கே 'குற்றவாளி' என்று செய்தியிலும் கதையிலும் எழுதிவிடுகிறோம். தீர்ப்புக்கு முன் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. சொல் நீளமாக இருக்கிறது என்று சுருக்கினால், அந்தச் சுருக்கத்தில் போவது ஒருவருடைய விசாரணை.

'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. பள்ளிப் பாடத்தில் சரித்திரம் கிடைக்காத மக்களுக்குக் காவல் நிலையத்தில் சரித்திரம் இருக்கிறது. அதை எழுதுகிறவர் ஏட்டய்யா. நாம் எழுத வேண்டிய வரலாறு அந்த ஏட்டிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவருவதாக இருக்க வேண்டும். அந்த அம்மாவின் கேள்விக்கு அதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.