பருவக்காற்றும் புகைமூட்டமும்

பாலைநிலத்தை அடுத்த கடற்கரை நகரங்களைப் புழுதிக்காற்று மூடுவதுண்டு. சிங்கப்பூரின் அருகே பாலைநிலம் இல்லை. எனினும் சில ஆண்டுகளில் அதன் வானமும் மங்குகிறது. நண்பகற் கதிரவன் செந்நிறத் தட்டுப்போல் தோன்றுகிறான். புழுதிக்கு மாறாகப் புகை வருகிறது என்பதே வேறுபாடு.

தஞ்சோங் பகார் காற்றோடு வாழ்ந்த ஊர். 1864-இல் இங்குக் கப்பல்துறை நிறுவனம் தோன்றியபின், தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளர் பலர் இத்துறையில் சரக்குச் சுமந்தனர். 1972-இல் முதற் கொள்கலன் கப்பல் இங்கு வந்தடைந்தது.

சிங்கப்பூரில் இரு பருவக்காற்றுகள் வீசுகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலைக் கடந்து வருவதால் பெரும்பாலும் புகை கொணர்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றோ வேறு. அப்போது சுமத்ராவிலும் காலிமந்தானிலும் காடழித்து நிலம் திருத்த மூட்டப்படும் தீ, மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்புநிலத்தின் அடியாழம்வரை இறங்கிப் பல நாள் புகைகிறது. அப்புகையைக் காற்று கடல் கடத்துகிறது.

இத்துன்பம் ஆண்டுதோறும் கடுமையாவதில்லை. மழை பொய்க்கும் எல் நினோ ஆண்டுகளில் அது பெரும்பாலும் மிகுகிறது. 1997-இல் காற்றுத்தரக் குறியீடு 226 ஆயிற்று. 2013 ஜூன் 21-ஆம் நாள் நண்பகலில் அது 401-ஐத் தொட்டது; 300-ஐக் கடந்தாலே அபாய நிலையாகும். 2015 செப்டம்பர் 25-ஆம் நாள் தொடக்கப் பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டன. 2019-இலும் புகை வந்தது.

வீட்டிலிருப்போர் சாளரத்தை அடைத்துக்கொள்ளலாம். கட்டுமானக் களத்திலும் துறைமுகத்திலும் வெட்டவெளியில் உழைப்பவர் எதை அடைப்பர்? அவர்களுள் தமிழரும் பலர் என்பதை மறத்தல் ஆகாது.

தென்கிழக்காசிய நாடுகள் 2002-இல் எல்லை கடந்த புகைமூட்டம் குறித்து உடன்படிக்கை செய்தன. இந்தோனேசியா 2014-இல்தான் அதனை ஏற்புறுதி செய்தது. அதே ஆண்டில், பிறநாட்டில் தீமூட்டிச் சிங்கப்பூரின் காற்றைக் கெடுக்கும் நிறுவனங்களைத் தண்டிக்கச் சிங்கப்பூர் சட்டம் இயற்றியது.

பருவக்காற்று இயற்கையின் செயல்; தீ மனிதன் செயல். காற்றின் திசையை மாற்ற இயலாது. தீ மூட்டும் கையைத் தடுக்க இயலும். இவ்வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.