பெயர் நின்ற ஊரும் பெயர் கரைந்த ஊரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதியில் ஐயோவா என்றொரு மாநிலம் உண்டு. மக்காச்சோளமும் பன்றி வளர்ப்பும் மிகுந்த நாடு. அதன் வடகிழக்கில், டர்க்கி என்னும் ஆற்றின் கரையில், ஏறத்தாழ 1,200 பேர் வாழும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. அவ்வூரார் நாவில் அதன் பெயர் 'எல்கேடர்' என்று ஒலிக்கும். எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தால் நமக்கு உடனே விளங்கிவிடும்: அல்காதிர்!

அரபு இலக்கணம் பயின்றோர் இங்கே சற்று நின்று புன்னகை செய்யலாம். அப்துல் காதிர் என்றால் ஆற்றலுடையோனின் அடிமை. முன்பாதியாகிய அடிமையை உதறிவிட்டால் மிஞ்சி நிற்பது எஜமானனின் திருநாமம். அதை மனிதர்க்குத் தனித்துச் சூட்டலாகாது என்று மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லித் தருகிறோம். ஆயினும் ஊருக்குப் பெயரிட்ட அமெரிக்கரைக் குறை சொல்லி என்ன பயன்? நம் தெருக்களில் 'காதர் பாய்' என்று காலங்காலமாய் அழைத்து வருபவர்கள் நாம்தாமே!

இந்த அப்துல் காதிர், பக்தாதில் அடங்கியிருக்கும் ஜீலானி நாயகம் (ரஹ்) அல்லர். அப்பெருந்தகையின் காதிரிய்யா வழியில் வந்த அல்ஜீரியப் பெருமகன். அமீர் அப்துல் காதிர். 1808இல் முஅஸ்கர் நகருக்கு அருகே பிறந்தவர். 1832இல் மக்கள் இவரிடம் பைஅத் செய்தபோது வயது 24. அன்றுதொட்டு 15 ஆண்டுகள் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றார். அப்போராட்டச் செய்திகள் கடல் கடந்து அமெரிக்கப் பத்திரிகைகளில் அச்சேறின. பிரிட்டிஷ் அரசரை எதிர்த்து விடுதலை பெற்று எழுபது ஆண்டுகூட நிரம்பாத நாடு அது. பேரரசு ஒன்றை எதிர்த்து நிற்கும் பாலைவனத் தலைவர் மீது அங்கே பலருக்கு மதிப்பு உண்டாயிற்று. டிமதி டேவிஸ் என்னும் வழக்கறிஞர் அவர்களுள் ஒருவர். 1846இல் அவரும் கூட்டாளிகளும் டர்க்கி ஆற்றங்கரையில் மாவு ஆலையை நடுவாக வைத்து ஊருக்கு மனை பிரித்தபோது, அமீரின் பெயரைச் சூட்டினார்.

அமீர் அப்போது தோற்றிருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1847 டிசம்பரில், கீழை நாடொன்றுக்குச் செல்ல விடுவோம் என்ற வாக்குறுதியின் பேரில் சரணடைந்தார். பிரான்ஸ் வாக்குத் தவறி அவரை 1852 வரை சிறைவைத்தது. பின்னர் டமாஸ்கஸில் குடியேறிய அவர், 1860இல் அந்நகரில் கலகம் மூண்டு கிறிஸ்தவர்கள் வெட்டப்பட்டபோது, தம் அல்ஜீரியத் தோழர்களுடன் வாளேந்தித் தெருவில் இறங்கி ஆயிரக்கணக்கானோரைத் தம் காவலில் வைத்துக் காத்தார். எந்தப் பிரான்சு அவரைச் சிறையிட்டதோ அதே பிரான்சு அவருக்கு உயர் விருது அளித்தது. ஐயோவாச் சிற்றூர் பெயரைத் தேர்ந்த பதினான்கு ஆண்டுகள் கழித்து அப்பெயருக்குரியவர் தம்மை இவ்வாறு காட்டினார் என்பதை எண்ணுகையில், ஊரார் அறியாமலே நல்ல பேரம் செய்துவிட்டனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் ஊர் எப்படிப்பட்டது? நடுமேற்கின் சிற்றூர்கள் எல்லாவற்றையும் போன்றதே. ஒரு முதன்மைத் தெரு, அதன் இருமருங்கும் செங்கற் கடைகள், வட்டார நீதிமன்றம், தானியக் களஞ்சியம், ஜெர்மானியரும் நார்வேயரும் ஐரிஷாரும் தத்தமக்கென எழுப்பிய தேவாலயங்கள். 1889இல் கட்டிய கல்வளைவுப் பாலம் இன்றும் ஆற்றைக் கடக்கிறது. இத்தகைய ஊரில் கதவைத் தட்டாமல் அண்டை வீட்டார் உள்ளே வரலாம். யார் வீட்டில் யார் நோயுற்றார் என்பது மாலைக்குள் ஊரெல்லாம் தெரியும். யார் தேவாலயத்துக்கு வரவில்லை என்பதும் அவ்வாறே தெரியும். பழமை பேணுதல் என்பது அங்கே கட்சிக் கொள்கை மட்டுமன்று, பழக்கம். எல்கேடர் அமைந்த கிளேட்டன் வட்டாரம் 2008இலும் 2012இலும் ஒபாமாவுக்கும், 2016இலும் 2020இலும் டிரம்புக்கும் பெரும்பான்மை வாக்களித்தது. வாக்கு மாறிற்று, ஞாயிறு வழக்கம் மாறவில்லை. இவ்வாழ்வின் இறுக்கத்தை அந்நாட்டு எழுத்தாளர்களே கடிந்ததுண்டு. மின்னசோட்டாவின் சிற்றூரொன்றில் பிறந்த சின்க்ளேர் லூயிஸ், 1920இல் 'மெயின் ஸ்ட்ரீட்' என்ற நாவலில் அவ்விறுக்கத்தைத் தோலுரித்தார். சொந்த ஊரார் முதலில் சினந்து, பின்னர் அவர் பெயரைத் தெருவுக்கே வைத்துக்கொண்டனர்.

எல்கேடர் தன் பெயரின் வேரை மறக்கவில்லை. 1984இல் முஅஸ்கருடன் சகோதர நகர உறவு பூண்டது. 2006இல் அல்ஜீரிய உணவு பரிமாறும் உணவகம் ஒன்று அவ்வூர்த் தெருவில் திறக்கப்பட்டது. 2008 ஜூனில் டர்க்கி ஆறு கரை புரண்டு ஊருக்குள் புகுந்தபோது அல்ஜீரிய அரசு 1,50,000 டாலர் அனுப்பி உதவியது. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் முஸ்லிம் பெயரைத் தாங்குவது எளிது. முஸ்லிம் குடும்பங்களைத் தாங்குவது வேறு. அப்படிப்பட்ட ஊரில் நம்மவர் குடும்பம் குடும்பமாய் வாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது கற்பனைக் கேள்வி அன்று. வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் ஐயோவாவில் அன்று. வடமேற்கே, கனடா எல்லையை ஒட்டிய வடக்கு டக்கோட்டாவில், ராஸ் என்னும் ஊரைச் சுற்றி.

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, எவரும் 160 ஏக்கர் அரசு நிலத்தைக் கைக்கொண்டு, அதில் வீடு கட்டி, ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் நிலம் அவருடையதாகும். அயல்நாட்டார் குடிமகனாகும் விருப்பத்தை எழுதித் தந்தால் போதும். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், அக்காலம் சிரியா என்றே வழங்கிய, இன்றைய லெபனானின் பிகாஉப் பள்ளத்தாக்கிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் இந்நிலத்தை நாடி வந்தன. பலர் முதலில் மூட்டை சுமந்து பண்ணை பண்ணையாய் நடந்து நூலும் ஊசியும் துணியும் விற்றவர்கள்; பிறகே ஏர் பிடித்தார்கள்.

அச்சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நிலத்தை உரிமையாக்க வேண்டுமானால் அந்நிலத்திலேயே குடியிருக்க வேண்டும். ஆகவே வீட்டுக்கு வீடு அரை மைல் தொலைவு. பிகாஉவில் இவர்கள் விட்டுவந்த சிற்றூரில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன; வயல்கள் வெளியே இருந்தன; பாங்கோசை எல்லா வீட்டுக்கும் கேட்டது. டக்கோட்டாவில் சட்டமே தெருவை இல்லாமற் செய்துவிட்டது. தெரு இல்லாத இடத்தில் ஜமாஅத் எங்ஙனம் கூடும்? குதிரை வண்டி பூட்டி, பனியில் மைல்கணக்கில் சென்று, யாரேனும் ஒருவர் வீட்டில் ஜும்ஆ தொழுதார்கள். சம்பளம் பெறும் இமாம் இல்லை; ஓதத் தெரிந்த முதியவர் முன்னின்றார்.

குளிரை எழுத்தில் சொல்வது கடினம். ராஸ் அமைந்துள்ள அதே மவுண்ட்ரெயில் வட்டாரத்தில் 1936 பிப்ரவரியில் சுழிக்குக் கீழே 51 பாகை செல்சியஸ் வரை குளிர் இறங்கியது. அவ்வாண்டு ஜூலையில் அம்மாநிலத்தின் வேறோர் ஊரில் வெப்பம் 49 பாகையைத் தொட்டது. கோடையின் பகல் நீளம் வேறு. 1914ஆம் ஆண்டு ரமளான் ஜூலைத் திங்களின் பிற்பகுதியில் பிறந்தது. அறுவடையை எதிர்நோக்கும் காலம். அந்த வடபுலத்தில் சஹர் முதல் இஃப்தார் வரை 17 மணி நேரத்துக்குக் குறையாது. அதில் வயல் வேலையும் செய்து நோன்பும் நோற்ற விவசாயியை நினைத்துப் பார்க்கிறோம். மின்விசிறியின் கீழ் அமர்ந்து களைப்பைப் பேசும் நமக்கு நாணம் வருகிறது.

அயலார் பெரும்பாலோர் நார்வே வழிவந்த லூத்தரன் கிறிஸ்தவர்கள். கண்டிப்பானவர்கள்; கடவுளுக்கு அஞ்சியவர்கள். வியப்பான ஒற்றுமை ஒன்று: வடக்கு டக்கோட்டா 1889இல் மாநிலமாகும்போதே மதுவைத் தன் அரசியல் சட்டத்தில் விலக்கியிருந்தது. மதுக்கடை இல்லாத ஊரில் முஸ்லிம் குடியானவர் அந்நியராய்த் தோன்றவில்லை. சூதும் குடியும் வெறுக்கும் மனிதர், சொன்ன சொல் தவறாதவர், முதியோரை மதிப்பவர் என்றால் அங்கே அதுவே நற்சான்று. ஞாயிறு காலையில் கடை திறக்கலாகாது என்ற சட்டம்கூட அம்மாநிலத்தில் 2019 வரை நீடித்தது என்றால் அவர்களது பிடிப்பை அறிந்துகொள்ளலாம்.

கதிரடிக்கும் பருவத்தில் இயந்திரம் பண்ணைக்குப் பண்ணை நகரும். அண்டை அயலார் அனைவரும் கூடவே நகர்வர். எவருடைய களமோ அவர் வீட்டில் எல்லோர்க்கும் உணவு. பன்றியிறைச்சி மலிந்த நாட்டில் இவர்கள் அதைத் தொடாமல் ரொட்டியும் உருளைக்கிழங்கும் உண்டு எழுவது முதலாண்டில் வியப்பாயிருந்திருக்கும், மூன்றாமாண்டில் வழக்கமாயிருந்திருக்கும். 1930களின் இறுதியில் அரசு ஊதியத்தில் அமர்ந்த எழுத்தாளர்கள் பண்ணை பண்ணையாய்ச் சென்று இக்குடியேறிகளின் வாழ்க்கைக் குறிப்புகளைக் கேட்டு எழுதி வைத்தனர். அவ்வேடுகள் இல்லையேல் இவ்வரலாறு மண்ணோடு போயிருக்கும்.

1929இல் பள்ளிவாசல் எழுந்தது. எழுந்தது என்பதைவிட இறங்கியது என்பதே பொருந்தும். பாதி நிலத்துக்குள் அமைந்த கட்டடம், சன்னல்கள் மட்டும் தரைக்கு மேலே, குளிர்காய அடுப்பு ஒன்று. அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட தொடக்ககாலப் பள்ளிகளுள் ஒன்றாகிய இது, தன் எளிமையில் எந்த மினாராவுக்கும் குறைந்ததன்று. ஆனால் அவ்வாண்டே பொருளாதாரம் சரிந்தது. தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்தது. கோதுமைக்கு விலையில்லை, பிறகு கோதுமையே இல்லை. நிலத்தை விட்டுப் பலர் நகரங்களுக்குப் போயினர்.

வறட்சி ஒன்றே காரணமாயின் எளிதில் சொல்லி முடித்துவிடலாம். 1924இல் வந்த குடியேற்றச் சட்டம் சிரியாவுக்கும் லெபனானுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 100 பேர் என்று வரம்பிட்டது. ஊரிலிருந்து மணப்பெண் வரும் வழி அடைபட்டது. ஓதித் தரும் ஆலிம் வரும் வழியும் அடைபட்டது. முஹம்மத் என்னும் பெயர் அயலார் வாயில் 'மைக்' ஆயிற்று. பிள்ளைகள் நார்வேயர் பிள்ளைகளுடன் ஒரே அறைப் பள்ளியில் படித்தார்கள். ஒரே களத்தில் உழைத்தார்கள். வளர்ந்தபின் அவர்களையே மணந்தார்கள். பேரர்களில் பலர் தேவாலயத்துக்குச் சென்றார்கள். எவரும் எவரையும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. இதுவே நம் நெஞ்சைக் கனக்கச் செய்வது. பகை சூழ்ந்திருந்தால் ஒருவேளை இறுகி நின்றிருப்பார்கள். அன்பு சூழ்ந்தது, கரைந்தார்கள். அச்சிற்றூரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனம் வரவில்லை. தனிமனிதரை அது தாராளமாய் ஏற்றது. இரண்டாவது சமுதாயம் ஒன்றுக்கு மட்டும் அதன் தெருவில் இடம் போதவில்லை.

இதே மக்கள் ஐயோவாவின் சீடர் ராப்பிட்ஸ் நகரிலும் குடியேறினர். அங்கே அவர்கள் நிலம் தேடவில்லை, மளிகைக் கடை வைத்தனர். கடைக்காரர் அருகருகே வாழ்ந்தனர். 1934இல் பள்ளி கட்டினர். 1970களின் தொடக்கத்தில் பெரிய பள்ளிக்கு இடம் மாறியபின் பழைய கட்டடம் கைமாறி வேறு பயனுக்குப் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் அதையும் திரும்ப வாங்கிச் செப்பனிட்டுக்கொண்டனர். ஈமானில் அவர்கள் உயர்ந்தோர், ராஸ்காரர் தாழ்ந்தோர் என்று யாரேனும் கூறின் ஏற்கமாட்டோம். அவர்களுக்குத் தெரு இருந்தது.

ராஸில் பள்ளி பாழடைந்து, 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. 2005இல் குடியேறிகளின் வழித்தோன்றல்கள், அப்பகுதிக் கிறிஸ்தவ நண்பர்களின் துணையோடு, அவ்விடத்தில் சிறியதொரு பள்ளியைக் குவிமாடமும் நான்கு சிறு மினாராக்களும் வைத்துக் கட்டினர். 2010 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை நூற்றை எட்டவில்லை. வயல்களின் அடியில் எண்ணெய் கண்டு இப்போது வேற்றூர் ஆட்கள் லாரிகளோடு வந்து போகின்றனர்.

பக்கத்தில் பழைய மையவாடி இருக்கிறது. அதற்கு அவ்வூர் வழக்கில் 'அஸ்ஸிரியன் முஸ்லிம்' மையவாடி என்று பெயர். சிரியர் எங்கே, பண்டைய அஸ்ஸிரியர் எங்கே என்று படித்தவர்கள் பிழை காண்பார்கள். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. அரபியில் சீன் என்னும் எழுத்து ஷம்ஸிய்யா வகை; 'அல்' அதன்முன் வரும்போது லாம் மறைந்து சீன் இரட்டிக்கும். நீங்கள் யார் என்று கேட்ட நார்வேய அயலாரிடம் எழுத்தறியாக் குடியானவர் ஒருவர் இலக்கணம் பிசகாமல் 'அஸ்ஸூரீ' என்று விடை சொல்லியிருப்பார். கேட்டவர் கேட்டபடியே எழுதிக்கொண்டிருப்பார்.