படை விலக்கிய பயிற்சி ஜெற் விமானங்களும் தனியார் உடைமையும்

1959 ஆம் ஆண்டின் இறுதியில், அன்றைய றோயல் இலங்கை விமானப்படை பிரித்தானியாவிலிருந்து ஜெற் புறொவொஸ்ற் பயிற்சி விமானங்களைப் பெறத் தொடங்கியது. மொத்தம் 12 விமானங்கள் வந்து சேர்ந்தன. 1970 அளவில் இவை பறப்பினின்று விலக்கப்பட்டுக் களஞ்சியப்படுத்தப்பட்டிருந்தன. எனினும், 1971 ஏப்பிரிலிற் கிளர்ச்சி வெடித்ததும் அவற்றுட் சில, சில நாட்களுள் மீண்டும் பறக்கும் நிலைக்குக் கொணரப்பட்டு, இறொக்கெற்றுகளுடன் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டன. இந்நிகழ்ச்சியின் அரசியல் தனியாக ஆராயற்பாலது. பழைய ஜெற் விமானத்தின் உடைமை பற்றி அது தரும் செய்தியே ஈண்டு நோக்கப்படுகின்றது. கிடப்பில் இருந்த விமானம் அத்துணை விரைவில் எழுந்தமைக்கு, பயிற்றப்பட்ட தொழினுட்பவியலாளரும் உதிரிப்பாகங்களும் கருவிகளும் அரச செலவிற் பேணப்பட்டமையே காரணம். அத்தகைய விமானம் ஒன்றைத் தனியொருவர் விலைக்கு வாங்கும்போது இவற்றுள் எதுவும் அதனுடன் வருவதில்லை.

பயிற்சி ஜெற் விமானங்கள் தனியார் கைக்கு வந்தமை கெடுபிடிப்போரின் முடிவோடு நெருங்கிய தொடர்புடையது. செக்கோசிலவாக்கியாவின் ஏரோ தொழிற்சாலையில் உருவான எல்-39 விமானம் 1968 நவம்பர் 4 ஆம் திகதி முதன்முதலாகப் பறந்தது. பின்னர் 2,800 க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றுள் 2,000 க்கு மேற்பட்டவற்றைச் சோவியத் ஒன்றியமே பெற்றது. 1991 இல் அவ்வொன்றியம் கலைந்தபின், அதன் வழிவந்த அரசுகள் பேணமுடியாத விமானங்களை விற்கலாயின; ஐக்கிய அமெரிக்காவிலே அவற்றை வாங்குவோர் பலர் இருந்தனர். பிரித்தானிய விமானப்படை 1993 இல் ஜெற் புறொவொஸ்றைக் கைவிட்டபோது அங்கும் அதே நிலை ஏற்பட்டது.

கொள்விலை ஒருவரை எளிதில் மயக்கக்கூடியது. பழைய எல்-39 ஒன்றின் விலை, புதிய செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கைச் சிறு விமானத்தின் விலைக்குள் அடங்கிவிடும். ஆனால், செஸ்னா மணிக்கு 35 லீற்றர் அளவில் எரிபொருள் கொள்ள, எல்-39 ஏறத்தாழ 500 லீற்றரை விழுங்கும். அதன் தாங்கிகள் யாவும் நிறைந்தால் 1,255 லீற்றர். இரண்டரை மணிநேரத்தில் அது தீர்ந்துவிடும். காப்புறுதி, தரிப்பிட வாடகை, ஆண்டுப் பரிசோதனை என்பன வேறு.

எரிபொருட் செலவையேனும் கணக்கிட்டு விடலாம். முதுமையின் செலவு அவ்வாறன்று. இவ்விமானங்களின் பாகங்கள் பலவற்றுக்குப் பறந்த மணிநேரத்தோடு நாட்காட்டி ஆண்டும் எல்லையாகும். இறப்பர் எரிபொருட் பைகளும் அடைப்பு வளையங்களும் நிலத்தில் நின்றாலும் இறுகிப் பழுதாகும். பறந்தால் இயந்திரத்தின் ஆயுள் குறையும். எல்-39 இன் இயந்திரமோ உக்ரேனில், சப்போறீசியாவில் தோன்றியது. மூலக் கையேடுகள் உருசிய மொழியின. உயரமானி மீற்றரிலும் வேகமானி கிலோமீற்றரிலும் காட்டும். அடியிலும் நொட்டிலும் பழகிய அமெரிக்க விமானி ஒன்றில் தான் மாறவேண்டும், அன்றேல் கருவிகளை மாற்றவேண்டும். பெரும்பாலோர் கருவிகளையே மாற்றினர். இத்தனை செலவையும் வாடகைக்குப் பறந்து ஈட்ட வழியுமில்லை; ஐக்கிய அமெரிக்காவில் இவை பெரும்பாலும் பரிசோதனை வகையின்கீழ், காட்சிப் பறப்புக்கெனவே அனுமதிக்கப்படுகின்றன.

வெளியெறி இருக்கை பற்றிய இக்கட்டு இன்னும் கடினமானது. இயந்திரம் நின்றாலோ கட்டுப்பாடு இழந்தாலோ விமானி வெளியேறுவான் என்ற எண்ணத்தின் மீதே போர்ப்படைப் பயிற்சி ஜெற் வடிவமைக்கப்பட்டது. அவ்விருக்கையை இயக்கும் வெடித்தோட்டாக்களுக்குக் குறித்த ஆயுள் உண்டு. அவற்றைப் பெறுவதும் மாற்றுவதும் செலவு மிக்க, சிறப்பறிவு வேண்டிய காரியம். ஆகவே உடைமையாளர் பலர் இருக்கையைச் செயலிழக்கச் செய்துவிட்டனர். நிலத்தில் நிற்போருக்கு அது பாதுகாப்பே. விமானிக்கோ, முதல் வடிவமைப்பாளர் அளித்த இறுதிப் புகலிடம் இல்லாமற் போகின்றது. எல்-39 இன் இருக்கை செயல்நிலையில் இருந்தாலுங்கூட, நிலமட்டத்தில் அது காப்பாற்ற விமானம் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்திலேனும் செல்லவேண்டும்.

இத்தகைய உடைமையின் விலையை வாங்கியவர் மட்டும் கொடுப்பதில்லை. 1972 செப்ரெம்பர் 24 ஆம் திகதி, கலிபோர்ணியாவின் சக்ரமெந்தோவில் தனியார் உடைமையான சேபர் ஜெற் ஒன்று மேலெழ முடியாமல் ஓடுபாதையைத் தாண்டி ஐஸ்கிறீம் கடையொன்றினுட் புகுந்தது. 22 பேர் மாண்டனர். அவர்களுள் 12 பேர் சிறுவர். சேபர் போர்விமானம், ஆயினும் அதன்பின் இறுகிய விதிகள் பயிற்சி ஜெற்றுகளையும் தொட்டன. 2015 ஓகஸ்ற் 22 இல் இங்கிலாந்தின் ஷோறம் காட்சியில் வீழ்ந்ததோ பயிற்சி விமானமே: 1955 இல் ஓரிருக்கைப் போர்விமானமாகக் கட்டப்பட்டு, பின்னர் ஈரிருக்கையாக மாற்றப்பட்ட ஹன்ரர் ரீ-7. போதிய உயரமின்றிச் செய்யப்பட்ட வட்டச் சுழற்சியின் முடிவில் அது நெடுஞ்சாலையில் மோதிற்று. விமானி உயிர் தப்பினார். சாலையிலும் அதன் அருகிலும் இருந்த 11 பேர் இறந்தனர். அவர்களுட் காட்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்காதோரும் இருந்தனர். சிதைவிற் கிடந்த வெடித்தோட்டாக்கள் மீட்புப் பணியாளருக்கும் ஆபத்தாயின.

பிரித்தானியாவின் குடிசார் ஹன்ரர் விமானங்கள் யாவும் தரையில் நிறுத்தப்பட்டு, 2017 இலேயே மீண்டும் அனுமதி பெற்றன. பழைய ஜெற்றுகள் நிலத்தின்மேற் சாகசம் செய்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. காட்சிகளுக்கான கட்டணம் 2016 இல் உயர்த்தப்பட்டபோது ஏற்பாட்டாளர் கடுமையாக முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. சிறு காட்சிகளுக்கு அது பெருஞ்சுமை. ஆயினும், வேறொருவர் வாழ்நாளெல்லாம் சுமக்கும் இழப்போடு வைத்து நோக்குமிடத்து அச்சுமை சிறிதே.

இலங்கைக்கு வந்த ஜெற் புறொவொஸ்றுகளுள் ஒன்று இரத்மலானை விமானப்படை நூதனசாலையில் நிற்கின்றது. பறவாது நிற்பதால் அதன் பராமரிப்பு வர்ணப்பூச்சோடும் கூரையோடும் அடங்கிவிடுகின்றது.