முறைக்காரர் தூங்கிவிட்டால்

2008-இல் லினக்ஸ் 2.6.25-இல் நிக் பிக்கினின் டிக்கெட் பூட்டு வந்தது. ரேஷன் கடை டோக்கன் மாதிரி, வந்த வரிசைப்படிதான் உள்ளே. நியாயம்தான், மெய்நிகர் இயந்திரத்தில் அதுவே வினையாகிவிட்டது. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் முறைப்பாசனம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். முறைக்காரர் வீட்டில் தூங்குகிறார், மடையை வேறு யாரும் தொடக்கூடாது, மற்றவர்கள் வரப்பில் நின்று ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிராசசர் இப்படித்தான் வெட்டியாகச் சுற்றியது. ஹைப்பர்வைசர் யாரைத் தூங்கவைத்தது என்று உள்ளே இருக்கும் கெர்னலுக்குத் தெரியாதே!

ஸென்னுக்காக ஜெரமி ஃபிட்ஸ்ஹார்டிஞ்ச் தொடங்கிய தீர்வை, ஐபிஎம்மின் ஸ்ரீவத்ஸ வத்தாகிரியும் ராகவேந்திரா கே.டி.யும் கேவிஎம்முக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் சுற்றிப் பார், கிடைக்கலையா, படுத்துக்கொள். பூட்டை விடுபவர் அடுத்த எண்காரரைத் தட்டி எழுப்புவார். சின்ன யோசனைதான். ஆனால் மெய்நிகர் இல்லாத சாதாரணக் கணினியில் வேகம் குறைந்துவிடக்கூடாதே என்ற கவலையில் திருத்தித் திருத்தி, 2013-இல் 3.12-இல்தான் சேர்ந்தது.