அரசு உடைமைகளின் சொந்தப் பயன்பாடு

அலுவலக வாகனம், தொலைபேசி, தாள், பணியாளர் ஆகியவற்றை அரசு ஊழியர் தம் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொள்வதன் வரம்பு பற்றிய நெறி. தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் நேர்மையைக் கடமையாக்குகின்றன. பொறுப்பில் உள்ள சொத்தை நேர்மையற்று அபகரிப்பது, 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பொருளைவிட ஆளைப் பயன்படுத்துவதே பெரிய சிக்கல். காவல் அதிகாரிகளின் வீடுகளில் காவலர்கள் ஏவல் வேலை செய்யும் 'ஆர்டர்லி' முறையை 1979இலேயே அரசாணை ஒழித்தது. ஆனாலும் அது தொடர்ந்ததால், நான்கு மாதங்களுக்குள் அடியோடு நீக்குமாறு 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அரசாணைக்கும் உத்தரவுக்கும் இடையே 43 ஆண்டுகள்! அதே 2022இல், பணி நேரத்தில் சொந்தத் தேவைக்குக் கைபேசி பயன்படுத்துவதை முறைப்படுத்த விதி வகுக்குமாறும் நீதிமன்றம் கூறியது.

விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், குறிப்பாகக் கல்வராயன் மலையில், இந்த வரம்பு தெளிவாகப் புலப்படும். வெள்ளிமலை போன்ற ஊரிலிருந்து அரசு ஜீப் ஒன்று சொந்த வேலையாகச் சமவெளிக்கு இறங்கினால், மலையில் அதற்கு மாற்று வண்டி எளிதில் கிடைக்காது. பயண நோக்கத்தையும் தூரத்தையும் எழுதும் வாகனப் பதிவேடு இதற்காகத்தான். வழியில் நோயாளியை ஏற்றிச் செல்வதைச் சொந்தப் பயன்பாடாகக் கருதுவது பொருந்தாது; அதையும் பதிவேட்டில் எழுதிவிடுவதே முறை.