ஒரு விதியும் நான்கு உரையும்

கணவன் இசைவின்றிப் பெண் சுவீகாரம் கொடுத்தலும் கொள்ளுதலும் ஆகா என்பது வசிட்ட தருமசூத்திர விதி. விதி ஒன்றே, உரையோ நாட்டுக்கு நாடு வேறாயிற்று. மகவேற்கும் அவ்வேளையிலேயே கணவன் இசைதல் வேண்டும் என்றனர் மிதிலையார். எனவே, அங்குக் கைம்பெண்ணுக்கு அவ்வுரிமை அறவே இல்லாதிருந்தது. கணவன் வாழுங்காலத்தில் இசைந்திருப்பின் போதும் என்றனர் வங்கத்தார். நீலகண்டரின் ‘மயூக’த்தைப் பின்பற்றிய மராட்டியரோ, கணவன் உள்ளவளையே இவ்விதி கட்டும் எனக் கொண்டு கைம்பெண்ணுக்குத் தடை நீக்கினர். கணவன் மறைந்தபின் அவன் தாயாதியர் இசைவு போதும் என்பது தென்னாட்டு வழக்காயிருந்தது.

இறந்தவன் இசைவுக்குப் பிறர் இசைவு எங்ஙனம் ஈடாகும்? பெண் தனித்து முடிவு செய்யத் தகாதவள் என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. மராட்டிய உரை ஒன்றே அதனின்று சற்று விலகி நிற்கிறது.

இஃது ஏட்டளவில் நின்ற வாதமன்று. இராமநாதபுரத்தில், மறைந்த சேதுபதியின் மனைவியார் பர்வதவர்த்தினி நாச்சியார் 1847-இல் முத்துராமலிங்கரைச் சுவீகாரம் கொண்டார். கணவர் இசைவு இல்லையெனினும் தாயாதியர் இசைவால் அது செல்லுமா என்பது வழக்காயிற்று. சமீன் உரிமையே அவ்விடையைப் பொறுத்திருந்தது. செல்லும் என்றது சென்னை உயர்நீதிமன்றம். மதுரைக் கலெக்டர் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார். 1868-இல் அங்கும் தோற்றார். மூலநூலின் பொருளை நீதிபதி தாமே புதிதாக ஆராய வேண்டுவதில்லை; அந்நாட்டார் ஏற்ற உரையும், அதன்வழி வந்த வழக்கமுமே காணத்தக்கவை; தெளிவாக நிறுவப்பெற்ற வழக்கம் ஏட்டு விதியினும் வலிது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண் எவர் இசைவுமின்றி மகவேற்க வழிசெய்தது.